தீயருகே நிற்க வேண்டிய காவல்

1912 நவம்பர் 12. அண்டார்க்டிகாவின் வெண்பரப்பில் பாதி பனிக்குள் புதைந்து நின்ற ஒரு கூடாரத்தைத் தேடுதல் குழுவினர் கண்டார்கள். உள்ளே ராபர்ட் ஸ்காட்டும் அவருடைய தோழர்கள் இருவரும் உறைந்து கிடந்தார்கள். தென் துருவத்தை அடைந்து திரும்பும் வழியில், ஏழு மாதங்களுக்கு முன்பே அவர்கள் உயிர் பிரிந்திருந்தது. அவர்கள் இழுத்து வந்த சறுக்குவண்டியில் சுமார் 16 கிலோ கற்கள் இருந்தன. உணவு குறைந்து, கால்கள் மரத்து, ஒவ்வோர் அடியும் உயிரை விலையாகக் கேட்ட நாட்களிலும் அந்தக் கற்களை அவர்கள் வழியில் வீசிவிடவில்லை.

பியர்ட்மோர் பனியாற்றின் ஓரத்தில் பொறுக்கிய கற்கள் அவை. அவற்றில் இலைகளின் தடம் இருந்தது. 1914-இல் கேம்பிரிட்ஜ் தாவரவியலாளர் சீவர்டு அந்தத் தடங்களை ஆராய்ந்து, குளோசோப்டெரிஸ் என்னும் மரத்தின் இலைகள் என்று அடையாளம் சொன்னார். நாக்கு வடிவ இலை; பெயருக்கும் அதுவே காரணம். 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு தழைத்து, பிறகு பூண்டோடு அழிந்த மரம். அது வாழ்ந்த காலத்தில் அண்டார்க்டிகாவும் இந்தியாவும் ஆப்பிரிக்காவும் ஆஸ்திரேலியாவும் தென்னமெரிக்காவும் ஒட்டிக் கிடந்த ஒரே நிலம். மத்திய இந்தியாவின் கோண்டு மக்களுடைய நாட்டுப் பெயரால் அந்நிலத்தைக் கோண்டுவானா என்று உலகம் இன்று அழைக்கிறது.

அதே நாக்கிலை மேற்கு வங்கத்தின் ராணிகஞ்சில் கிடைக்கிறது. ஒடிசாவின் தால்ச்சேரில் கிடைக்கிறது. இந்தியாவின் கோண்டுவானா நிலக்கரியில் பெரும்பகுதி அந்த மரக்காடுகள் மக்கி, புதைந்து, இறுகி உண்டானது. தால்ச்சேர் கிடக்கும் மகாநதிப் பள்ளத்தாக்கும் அண்டார்க்டிகாவின் லாம்பர்ட் பள்ளமும் ஒருகாலத்தில் ஒன்றின் தொடர்ச்சி மற்றொன்றாக இருந்தவை எனப் புவியியலாளர் பலர் கருதுகிறார்கள். அந்தத் தால்ச்சேர் நிலக்கரி கப்பலேறி எண்ணூருக்கு வருகிறது. தமிழ்நாட்டின் அனல்மின் நிலையங்களில் எரிகிறது. அதன் புகை காற்றில் கலந்து பூமியின் வெப்பத்தைக் கூட்டுகிறது. கூடிய வெப்பம் அண்டார்க்டிகாவின் பனியை அரிக்கிறது. ஒரு தாய் வயிற்றில் பிறந்த இரு நிலங்களில் ஒன்றின் எலும்பை எரித்து மற்றொன்றின் போர்வையை உருக்குகிறோம்.

நம் அனல்மின் நிலையங்களில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிலக்கரி செலவாகிறது. ஸ்காட்டின் தோழர்கள் சாகும்வரை இழுத்த அந்த 16 கிலோ எடைக்கு நிலக்கரியை எரித்தால் இருபது யூனிட்டுக்குச் சற்று அதிகமாகக் கிடைக்கும். குளிரூட்டி வைத்த ஓர் அறையின் இரண்டு, மூன்று இரவுத் தூக்கத்துக்கு அது சரியாகப் போய்விடும்.

துருவப் பனியைக் காப்போம் என்று சொல்லும்போது, எங்கோ வெகு தொலைவில் சிலர் போய்க் காவல் நிற்க வேண்டிய பொருளைப் பற்றிப் பேசுவதுபோல் நமக்குத் தோன்றுகிறது. உண்மையில், நெருப்பு மூட்டப்படும் இடத்தில்தான் அந்தக் காவல் நிற்க வேண்டும். பனிக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாது. தீயை மூட்டுகிறவனுக்குத்தான் தீயின் அளவு தெரிந்திருக்க வேண்டும்.

பனி செய்யும் வேலை

மொட்டைமாடியில் சுண்ணாம்பு அடித்த தளத்திலும் பங்குனி வெயிலில் காய்ந்த தார்ச்சாலையிலும் வெறுங்காலோடு நடந்து பார்த்தவருக்குப் பனியின் முதல் வேலையை விளக்க வேண்டியதில்லை. புதுப்பனி படர்ந்த கடற்பனி, தன்மேல் விழும் சூரிய ஒளியில் 80 விழுக்காட்டுக்கு மேல் விண்ணுக்கே திருப்பி அனுப்புகிறது. பனி விலகிய கடல்நீர் திருப்பி அனுப்புவது 6 விழுக்காடு அளவுதான். மீதியை அது குடித்துவிடுகிறது. குடித்த வெப்பம் பக்கத்துப் பனியை உருக்குகிறது. உருகிய இடத்தில் மேலும் நீர், மேலும் வெப்பம். கடந்த நாற்பது ஆண்டுகளில் ஆர்க்டிக் வட்டாரம் உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூடாகியிருப்பதற்கு இந்தச் சுழற்சி ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது வேலை பொறுத்துக்கொள்வது. பூஜ்ய பாகையிலுள்ள ஒரு கிலோ பனிக்கட்டியை அதே பூஜ்ய பாகை நீராக மாற்றத் தேவைப்படும் வெப்பம், அதே அளவு நீரைக் கிட்டத்தட்ட 80 பாகைவரை சூடாக்கப் போதுமானது. அவ்வளவு வெப்பத்தையும் விழுங்கிவிட்டு, உருகும் பனி தன் குளிர்ச்சியில் ஒரு பாகையும் குறைந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. சர்பத் குவளையில் கடைசிக் கட்டி கரையும்வரை பானம் குளிர்ந்தே இருக்கிறது. கட்டி தீர்ந்த பிறகுதான் வெயில் அதில் வேலையைக் காட்டும். வீட்டில் ஒருவர் வாய் திறக்காமல் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருப்பார். அவர் போன பிறகுதான் அவர் தாங்கியது எவ்வளவு என்று மற்றவர்களுக்குத் தெரியவரும். பனி தாங்குவதும் அப்படித்தான்.

மூன்றாவது வேலை தேக்கிவைப்பது. அண்டார்க்டிகாவின் பனிவிரிப்பு சுமார் 140 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்தது. சராசரியாக இரண்டு கிலோமீட்டர் தடிமன் கொண்டது. அது முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் 58 மீட்டர் உயரும்; கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் 7 மீட்டர் உயரும். முழுவதும் உருகும் என்று யாரும் இன்று அஞ்சவில்லை. ஆனால் இரண்டிலும் சேர்த்து நூற்றில் ஒரு பங்கு கரைந்தாலே கடல் அரை மீட்டருக்கு மேல் ஏறிவிடும். 2002 முதல் செயற்கைக்கோள்கள் பூமியின் ஈர்ப்பு மாற்றத்தை அளந்து இந்தப் பனியை எடைபோட்டு வருகின்றன. கிரீன்லாந்து ஆண்டுக்குச் சுமார் 27,000 கோடி டன் இழக்கிறது. அண்டார்க்டிகா இழப்பது ஆண்டுக்குச் சுமார் 13,000 முதல் 15,000 கோடி டன்.

நான்காவதாக, பனி எழுதி வைக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் விழும் பனி முந்தைய ஆண்டின் பனியை அழுத்துகிறது; இடையில் இருந்த காற்று குமிழிகளாகச் சிறைப்படுகிறது. அண்டார்க்டிகாவின் டோம் சி என்னும் இடத்தில் ஐரோப்பிய அறிவியலாளர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் துளையிட்டு எடுத்த பனித்தூணில் 8 லட்சம் ஆண்டுக் காற்று இருந்தது. அந்த 8 லட்சம் ஆண்டுகளில் எந்தக் காலத்திலும் காற்றில் கரியமில வாயுவின் அளவு பத்து லட்சத்துக்கு 300 பங்கைத் தாண்டவில்லை. இன்று அது 420-ஐத் தாண்டிவிட்டது. இது எதிர்காலம் பற்றிய ஊகம் இல்லை. பனியே காட்டும் பழைய கணக்கேடு. இப்போது அந்த ஏடே கரைந்துகொண்டிருக்கிறது.

ஒரு பாயின் அளவு

ஒரு தனிமனிதர் தம் வாழ்நாளில் செய்வது இவ்வளவு பெரிய பனிப்பரப்பில் எங்கே தெரியப்போகிறது என்ற கேள்வி நேர்மையானது. 2016-ஆம் ஆண்டுவரை அந்தக் கேள்வியால் பலரும் மன அமைதி பெற்றுவந்தார்கள். அந்த ஆண்டு டிர்க் நோட்ஸ், ஜூலியன் ஸ்ட்ரோவ் என்னும் இரு அறிவியலாளர்கள் பல பத்தாண்டுகளின் அளவீடுகளை எடுத்துக்கொண்டு, மனிதர்கள் வெளியிட்ட கரியமில வாயுவையும் ஆர்க்டிக்கின் செப்டம்பர் மாதக் கடற்பனியையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் நேர்க்கோட்டில் பொருந்தின. ஒரு டன் கரியமில வாயு வெளியேறினால், ஆர்க்டிக்கில் செப்டம்பர்ப் பனி மூன்று சதுர மீட்டர் குறைகிறது.

மூன்று சதுர மீட்டர் என்பது இருவர் படுக்கும் பெரிய கோரைப்பாய் ஒன்றின் அளவு.

இனி அவரவர் வீட்டுக் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் மின்சாரம் ஆகும் வீட்டில் ஆண்டுக்கு 3,000 யூனிட் செலவாகிறது. இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக எழுநூறு கிராம் அளவில் கரியமில வாயு வெளியேறுகிறது. ஆக, ஆண்டுக்கு இரண்டு டன். வடகடலில் இரண்டு பாய்களைச் சுருட்டி எடுத்தாயிற்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ. கார் ஓட்டி 430 லிட்டர் எரித்தவர் ஒரு பாயை எடுத்துவிட்டார். சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கு விமானத்தில் ஒருமுறை போய்த் திரும்பினால் ஓர் இருக்கையின் பங்கே ஒரு பாய்க்கு மேல்.

இந்தக் கணக்கு ஒரு நியாயத்தையும் சொல்கிறது. வீட்டுச் சமையல் எரிவாயு உருளை ஒன்று எரிந்தால் சுமார் 42 கிலோ வாயு வெளியேறும். ஆண்டுக்குப் பத்து உருளை எரித்து ஒரு குடும்பமே மூன்று வேளை உண்டாலும் அரைப் பாய்க்கும் குறைவு. சமைத்து உண்பதும், குழந்தை படிக்க விளக்கு எரிவதும், புழுக்கத்தில் மின்விசிறி சுழல்வதும் பனியைத் தின்றுவிடும் குற்றங்கள் இல்லை. தேவைக்கு ஆகும் செலவு என்றும் சிறியதுதான். தேவை எங்கே முடிகிறதோ அந்த எல்லையைத் தாண்டியபின் வருவதுதான் பெரிய தொகை.

பாவம் என்ற சொல்லை இங்கே நான் கொண்டுவரவில்லை. மின்சாரம் பயன்படுத்துகிறவர் எவரும் பனியை உருக்க வேண்டும் என்று எண்ணிப் பொத்தானை அழுத்துவதில்லை. ஆனால் அறியாமல் செய்வதற்கும் அறிந்தபின் செய்வதற்கும் இடையே அறநூல்கள் எப்போதும் ஒரு கோடு கிழித்திருக்கின்றன. பாய் அளவு தெரிந்துவிட்டது. இனி நாம் அந்தக் கோட்டின் மறுபக்கத்தில் நிற்கிறோம்.

எரித்தவர் யார், இழப்பவர் யார்

பாய்க் கணக்கை எல்லோர் தலையிலும் சமமாக வைப்பது அநீதி. ஓர் இந்தியர் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் இரண்டு டன் வெளியிடுகிறார். ஓர் அமெரிக்கர் சுமார் பதினான்கு டன். இதுவரை உலகம் வெளியிட்ட கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்கா ஒன்றினுடையது. இந்தியாவின் பங்கு நூற்றுக்கு நான்கைக்கூடத் தொடவில்லை. இந்தியா என்ற சொல்லுக்குள்ளும் வேறுபாடு உண்டு. குளிரூட்டிய வீட்டிலிருந்து குளிரூட்டிய காரில் ஏறிக் குளிரூட்டிய அலுவலகத்துக்குப் போகிறவரும், ஓட்டுக் கூரையின்கீழ் ஒற்றை விசிறியோடு கோடையைக் கழிக்கிறவரும் அதே சராசரிக்குள்தான் அடங்குகிறார்கள். சராசரி என்பது பணக்காரர் ஏழையின் பின்னால் ஒளிந்துகொள்ள வசதியான திரை.

முதலில் இழப்பவர்கள் வடக்கே, பனியின்மேல் வாழ்க்கையை நடத்தும் இனுயிட் மக்கள். அவர்களுக்குக் கடற்பனி ஒரு சாலை, வேட்டை நிலம், அடுத்த ஊருக்குப் போகும் வழி. பனி மெலிந்தால் பழகிய வழியே பள்ளமாகிறது. அலாஸ்காவின் ஷிஷ்மரெப் என்னும் தீவு ஊரில் முன்பு இலையுதிர்காலத்திலேயே கடல் உறைந்து, புயலலைகளைத் தடுக்கும் அரணாக நிற்கும். உறைவது தாமதமானதும் அலைகள் கரையைத் தின்னத் தொடங்கின. ஊரை விட்டுவிடலாமா என்று 2002-இலும் மறுபடி 2016-இலும் அந்த மக்கள் வாக்களித்தார்கள். இரண்டு முறையும் இடம்பெயரவே முடிவாயிற்று.

கனடாவின் இனுயிட் தலைவி ஷீலா வாட்-குளூத்தியே 2005-இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்தில் ஒரு மனு அளித்தார். அமெரிக்காவின் புகை தம் மக்களின் உரிமைகளைப் பறிக்கிறது என்பது அதன் சாரம். ஆணையம் அதை விசாரணைக்கு ஏற்கவில்லை. பத்தாண்டுகள் கழித்து அவர் எழுதிய நூலின் தலைப்பைத் தமிழில் சொன்னால், குளிர்ந்திருக்கும் உரிமை. வெப்பமே இயல்பான நமக்கு அந்தத் தலைப்பு வியப்பாக இருக்கலாம். ஆனால் ஆற்றில் தண்ணீர் ஓட வேண்டும் என்று கேட்கும் உழவருடைய உரிமையும் இதுவும் ஒரே வகை. ஒரு மண் எந்த நிலையில் இருந்தால் அதில் ஒரு வாழ்க்கை நடக்குமோ, அந்த நிலையைக் கேட்கும் உரிமை.

இனுயிட் மொழியில் சிலா என்று ஒரு சொல் உண்டு. வானிலையை, வெளியே விரிந்த உலகை, காற்றை அது குறிக்கும். அறிவையும் விவேகத்தையும் அதே சொல்தான் குறிக்கும். வெளியே வானம் நிலை தவறுவதும் உள்ளே மனம் நிலை தவறுவதும் அந்த மக்களுக்கு வேறு வேறு செய்திகள் இல்லை போலும்.

இழப்பு வடக்கோடு நிற்பதும் இல்லை. கிரீன்லாந்தின் பெரும் பனித்திரள் தன் எடையால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன்பக்கம் ஈர்த்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்த ஈர்ப்புத் தளர்கிறது. கிரீன்லாந்துக் கரையோரம் கடல் தாழ்கிறது. விடுபட்ட நீர் தொலைவிலுள்ள வெப்பமண்டலக் கடல்களில் கூடுதலாக ஏறுகிறது. எங்கோ உருகும் பனி நம்மை என்ன செய்யும் என்று கேட்பவருக்கு இயற்பியல் தரும் விடை இது: தொலைவில் இருப்பதால் நமக்குப் பங்கு குறையவில்லை, கூடுகிறது. சோழமண்டலக் கரையில் படகை மணலில் ஏற்றி வைக்கும் மீனவருக்கு இந்தப் பங்கு எழுதப்பட்டுவிட்டது. அவர் எரித்ததோ மிகச் சிறிது.

பேச்சில்லாதவற்றின் இழப்பையும் இங்கே எழுத வேண்டும். 2022-இல் அண்டார்க்டிகாவின் பெல்லிங்ஸ்ஹாசன் கடற்பகுதியில் கண்காணிக்கப்பட்ட ஐந்து எம்பரர் பென்குயின் குடியிருப்புகளில் நான்கில் குஞ்சுகள் பிழைத்ததாகத் தெரியவில்லை. நீர் புகாத சிறகு முளைக்கும் முன்பே காலடிப் பனி உடைந்து விலகிவிட்டது.

திரும்பும் பனியும் திரும்பாப் பனியும்

தவறுகளில் திருத்தக்கூடியவை உண்டு. திருத்த முடியாதவை உண்டு. கடனைத் திருப்பித் தரலாம். சொன்ன கடுஞ்சொல்லுக்கு மன்னிப்புக் கேட்கலாம். வெட்டிய ஆலமரத்தை யாரும் நட்டு அதே நிழலைத் தர முடியாது. பனியிலும் இந்த இரண்டு வகையும் உண்டு என்பதை அறிவது நல்லது.

ஆர்க்டிக்கின் கடற்பனி முதல் வகை. கடல்நீரே உறைந்து மிதப்பது. குளிர்காலத்தில் வளர்ந்து கோடையில் சுருங்குவது. செயற்கைக்கோள் அளவீடு தொடங்கிய 1979-ஐ அடுத்த ஆண்டுகளில் செப்டம்பரில் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் அளவில் இருந்தது. 2012 செப்டம்பரில் 34 லட்சமாகச் சுருங்கியது. இது வேதனைதான். ஆனால் பூமியின் வெப்பம் நின்றால் இதன் சுருக்கமும் நிற்கும். வெப்பம் தணிந்தால் சில ஆண்டுகளிலேயே இது மீண்டும் படரும். மிதக்கும் பனி என்பதால் இது உருகுவதால் கடல்மட்டம் நேராக உயர்வதும் இல்லை.

நிலத்தின்மேல் அமர்ந்த பனிவிரிப்பு இரண்டாவது வகை. கிரீன்லாந்துப் பனி உருகி உயரம் குறையக் குறைய, அதன் மேற்பரப்பு தாழ்வான, வெதுவெதுப்பான காற்றுக்குள் இறங்குகிறது. இறங்கியதாலேயே மேலும் உருகுகிறது. அண்டார்க்டிகாவில் நிலப்பனியின் விளிம்பு கடலுக்குள் நீண்டு மிதக்கும் பனித்தட்டுகள், பின்னால் உள்ள பனியாறுகளுக்குத் தாழ்ப்பாள் போன்றவை. 2002-இல் லார்சன் பி என்னும் தட்டு, 3,250 சதுர கிலோமீட்டர் பரப்பு, சில வாரங்களில் சிதறிப்போனது. குறைந்தது பத்தாயிரம் ஆண்டு நின்ற தாழ்ப்பாள் அது. அது போனதும் பின்னாலிருந்த பனியாறுகள் பல மடங்கு வேகத்தில் கடலை நோக்கி நகர்ந்தன. இத்தகைய பனி கட்டப்படுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது திரும்பாது.

ஆகவே, முதலில் நாசமாகட்டும், பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற நினைப்புக்குத் துருவத்தில் பாதி இடம்தான் உண்டு. பூமியின் வெப்ப உயர்வு 1.5 பாகையோடு நின்றால் ஆர்க்டிக் கடல் கோடையில் பனியற்றுப் போவது நூற்றாண்டுக்கு ஒருமுறை அளவில் நிகழலாம். 2 பாகையானால் பத்தாண்டுக்கு ஒருமுறையாவது நிகழும் என்று 2018-இல் பன்னாட்டுக் காலநிலைக் குழு சொன்னது. அரை பாகை என்பது ஒரு காய்ச்சல்மானியில் சிறு இடைவெளிதான். நோயாளிக்கு அது தூக்கமா, பிதற்றலா என்பதைத் தீர்மானிக்கும் கோடு.

குப்பையைத் திருப்பி எடுத்து வருவது

மனிதர்கள் இந்த விஷயத்தில் ஒன்றுமே செய்ததில்லை என்று சொல்வது உண்மைக்குப் புறம்பு. 1959 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனில் பன்னிரண்டு நாடுகள் அண்டார்க்டிக் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒன்றையொன்று பகைத்து நின்ற காலம் அது. ஆயினும் ஒரு கண்டம் முழுவதையும் போருக்கு வெளியே நிறுத்திவைக்க அவை ஒப்பின. 1991-இல் மாட்ரிட்டில் ஒப்புக்கொண்ட நெறிமுறை அங்கே கனிமம் தோண்டுவதையும் தடை செய்தது. அடியில் என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரியும் முன்பே, எடுக்கமாட்டோம் என்று நாடுகள் கூறின. பேராசைக்குப் பேர்போன நூற்றாண்டில் நிகழ்ந்த ஒரு பெருந்தன்மை அது.

இந்தியா 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து தன் முதல் பயணக் குழுவை அனுப்பியது. அக்குழுவின் தலைவர் எஸ்.இஸட். காசிம். 1983-இல் இந்தியா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. முதல் ஆய்வு நிலையமான தட்சிண் கங்கோத்ரி பனிக்குள் புதைந்துபோக, மைத்ரி எழுந்தது. 2012-இல் பாரதி எழுந்தது. அந்த நிலையங்களில் ஒரு விதி உண்டு. அங்கே உண்டான குப்பையை அங்கே விட்டுவர முடியாது. பழைய பேட்டரி, உலோகத் துண்டு, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு கப்பலேற வேண்டும்.

இந்த விதியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் உறுத்தல் எழும். அண்டார்க்டிகாவுக்குப் போகும் சிலர் தம் குப்பையைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். போகாத கோடிக்கணக்கானவர் தம் குப்பையை அங்கே அனுப்பிக்கொண்டே இருக்கிறோம். புகைக்குக் கடவுச்சீட்டு இல்லை. வெப்பத்தை எந்த ஒப்பந்தமும் துறைமுகத்தில் நிறுத்திச் சோதிப்பதில்லை. கண்டத்தின் வாசலைப் பூட்டினோம். கூரையின் வழியாகத் தீ இறங்குகிறது.

கூரையையும் காக்க முடியும் என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. அண்டார்க்டிகாவின் மேலே ஓசோன் படலம் ஓட்டையாகியிருப்பதை 1985-இல் பிரிட்டனின் மூன்று அறிவியலாளர்கள் வெளியிட்டார்கள். இரண்டே ஆண்டில், 1987-இல், மான்ட்ரியல் நெறிமுறை கையெழுத்தானது. குளிர்பதனப் பெட்டியிலும் தெளிப்பான் குப்பிகளிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன்களை உலகம் படிப்படியாகக் கைவிட்டது. 2066-ஐ ஒட்டி அண்டார்க்டிகாவின் மேலுள்ள படலம் பழைய நிலைக்குத் திரும்பும் என்பது ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீடு. அந்த வாயுக்கள் பூமியைச் சூடாக்குவதிலும் வல்லவை. அவற்றை விட்டதால் ஆர்க்டிக் கடல் முதன்முதலாகப் பனியற்றுப் போகும் கோடை பதினைந்து ஆண்டுகள்வரை தள்ளிப்போயிருக்கிறது என்று 2023-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. நாம் நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியை மாற்றியதுகூடப் பனிக்குச் செய்த உதவியாக முடிந்திருக்கிறது. செய்தவருக்கே தெரியாமல் விளைந்த நன்மை.

இதற்கு நேர்மாறாக, இன்று சிலர் குறுக்குவழிகளைப் பேசுகிறார்கள். பனியின்மேல் கண்ணாடித் துகள் தூவலாம், கடல்நீரை இறைத்து உறைய வைக்கலாம், பனியாற்றின் வாயில் கடலடியில் திரை கட்டலாம் என்கிறார்கள். ஆராய்ச்சியாகச் செய்வதில் தவறு காண நான் அறிவியலாளன் இல்லை. ஆனால் இவற்றின் பின்னே நிற்கும் ஆசை பழையது. உணவைக் குறைக்காமல் மருந்தைத் தேடும் ஆசை. இலட்சக்கணக்கான சதுர கிலோமீட்டருக்குத் துகள் தூவுவதைவிட, தூவ வேண்டிய நிலையை உண்டாக்காமல் இருப்பது எளிது. எளிதானதைச் செய்ய மனம் வராதபோதுதான் மனிதர் அரியதைத் திட்டமிடுகிறார்கள்.

அளவு என்னும் அறம்

அப்படியானால் ஒருவர் எப்படி வாழ்வது? எல்லாவற்றையும் துறந்து காட்டுக்குப் போகச் சொல்லும் அறிவுரை இங்கே உதவாது. துறவிகளின் நாடாக ஒரு நாடு இருக்க முடியாது. இல்லறத்தாருக்கு உரிய அறம் அளவு. தீயே கூடாது என்று அது சொல்வதில்லை. சோறு வெந்தபின் அடுப்பு எரியக்கூடாது என்று சொல்கிறது.

அளவுக்கு முதல் விதி: உள்ளவருக்குக் கடமை அதிகம். விறகுப் புகையில் கண்ணெரியச் சமைக்கும் பெண்ணிடம் போய்ப் பனியைக் காக்கச் சொல்ல எவருக்கும் தகுதி இல்லை. அவர் வீட்டுக்கு இன்னும் எரிவாயுவும் மின்சாரமும் போய்ச் சேர வேண்டும். அவர் பயன்பாடு கூடுவதற்கு இடம் விடும்படி நம் பயன்பாடு குறைய வேண்டும். உலகில் நாடுகளுக்கு இடையே இந்தியா கேட்கும் நீதி இதுதான். ஊருக்குள்ளும் அதே நீதி பொருந்த வேண்டும்.

இரண்டாவது விதி: பெரியதிலிருந்து தொடங்க வேண்டும். கைப்பேசி மின்னூட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு மனநிறைவு அடைகிறவர்கள் உண்டு. அதே ஆண்டில் அவர்கள் மூன்று முறை விமானத்தில் பறப்பார்கள். பாய்க் கணக்கில் எது பெரியதோ அதை முதலில் பார்க்க வேண்டும். வீடு கட்டும்போதே வெயிலைத் தடுக்கும் தாழ்வாரமும் வெண்தளமும் வைத்தால் குளிரூட்டிக்கு வேலை குறையும். வைத்த குளிரூட்டியை 18-இல் ஓட்டிப் போர்வை போர்த்திக்கொள்ளாமல் 26-இல் ஓட்டலாம். கூரையில் சூரியத் தகடு பதிக்கலாம். ஒருவருக்கு ஒரு கார் என்பதை விட்டுப் பேருந்திலும் ரயிலிலும் ஏறலாம். இவை எவையும் புதிய உபதேசங்கள் இல்லை. நம்மிடம் இல்லாமல் இருப்பது தகவல் இல்லை, தளர்வில்லாத மனம்தான்.

மூன்றாவது விதி: விரைவில் பலன் தருவதை விட்டுவிடக் கூடாது. கரியமில வாயு ஒருமுறை காற்றில் ஏறினால் அதில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கும். ஆனால் டீசல் கரியும் எரிந்த குப்பையின் கரியும் காற்றில் சில நாட்களோ சில வாரங்களோதான் இருக்கும். மீத்தேன் சுமார் பன்னிரண்டு ஆண்டுகள். பனியின்மேல் படியும் கரித்துகள் அதன் வெண்மையைக் கெடுத்து உருகலை விரைவாக்குகிறது. வெள்ளை வேட்டியில் பட்ட கரி போல. இவற்றைக் குறைத்தால் பலனை நம் காலத்திலேயே பார்க்கலாம். குப்பைமேட்டில் தீ வைக்காமல் இருப்பது ஊர்த் தூய்மைக்கு மட்டுமான செயல் இல்லை.

நான்காவது விதி: தனியாக நல்லவராக இருப்பதோடு நிற்கக் கூடாது. மின்சாரம் எதிலிருந்து வர வேண்டும் என்பதை ஒரு வீடு முடிவு செய்ய முடியாது. ஓர் அரசு முடிவு செய்யும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுழலத் தொடங்கியது யாரோ சிலர் கேட்டதாலும் யாரோ சிலர் துணிந்ததாலும்தான். வாக்குக் கேட்டு வருகிறவரிடம் சாலையையும் குடிநீரையும் கேட்பதுபோல் இதையும் கேட்பது குடிமக்களின் கடமை. ஓசோனுக்காக 1987-இல் உலகம் மாறியது தனித்தனி மனிதர் திருந்தியதால் மட்டும் இல்லை. சட்டம் மாறியது, தொழில் மாறியது, அதன்பின் எல்லோர் வீட்டிலும் குளிர்பதனப் பெட்டி மாறியது.

இதில் நன்றியை எதிர்பார்க்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாம் எரிக்காமல் விட்ட ஒரு டன்னால் பிழைத்த அந்தப் பாயளவுப் பனியை நாம் காணப்போவதில்லை. அது எந்த இடத்தில் மிதக்கிறது என்று யாராலும் காட்ட முடியாது. அதன்மேல் ஒரு சீல் தன் குட்டியோடு படுத்திருந்தால் அதற்கும் நம் பெயர் தெரியாது. குளம் வெட்டியவர்கள் தண்ணீர் குடிக்கப்போகும் வழிப்போக்கரின் பெயரைக் கேட்டு வெட்டவில்லை. காணாதவருக்குச் செய்வதைத்தான் நம் முன்னோர் அறம் என்று சொன்னார்கள். பார்ப்பவர் முன்னே செய்வதற்கு வேறு பெயர்கள் இருக்கின்றன.

ஸ்காட்டின் தோழர்கள் விடாமல் சுமந்த அந்தக் கற்கள் இன்று லண்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உணவும் எரிபொருளும் தீர்ந்த நிலையிலும் எதைக் கைவிடக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே இலையின் கரி தால்ச்சேரில் மண்ணுக்கடியில் இன்னும் ஏராளமாகக் கிடக்கிறது. அதில் எவ்வளவை எடுத்து எரிப்பது, எவ்வளவை அது கிடக்கும் இடத்திலேயே விட்டுவைப்பது என்ற முடிவு துருவத்தில் எடுக்கப்படுவதில்லை. இங்கே, நம் வீடுகளிலும் நம் வாக்குச்சாவடிகளிலும் எடுக்கப்படுகிறது. அடுத்த மின்கட்டணச் சீட்டு வரும்போது தொகைக்கு அருகே பாய்க் கணக்கையும் ஒருமுறை எழுதிப் பாருங்கள்.